சின்னம்மா வீட்டு சோபாவும் கோழிக்குழம்பும்

குழு: சுங்கை சிப்புட் சொந்தங்கள் (மலேசியா)

சனிக்கிழமை

சின்னம்மா, காலை 7:12
எல்லோருக்கும் வணக்கம். நேற்று ராத்திரி வந்த விருந்தாளிகளில் ஒரு பொடியன் கோழிக்குழம்புத் தட்டோடு சோபாவில் ஏறிவிட்டான். புது சோபா. இன்னும் நான்கு மாதத் தவணை பாக்கி. திட்டலாம் என்றால் அவன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அவர்கள் கிளம்பியதும் துணி துவைக்கிற சவுக்காரக் கட்டியை நனைத்துத் தேய்த்தேன். மஞ்சளாக இருந்த கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது! தீபாவளிக்கு இன்னும் 12 நாள்தான் இருக்கிறது.

சின்னம்மா, காலை 7:13
(புகைப்படம்)

அத்தை, காலை 7:20
ஐயோ, போலீஸ் வந்து பார்த்தால் உன்னைத்தான் பிடிப்பார்கள்.

மாமா, காலை 7:24
பயப்படாதே. ஆப்பச் சோடாவையும் சுக்காவையும் (வினிகர்) ஒன்றாகக் கலந்து கறை மேல் ஊற்று. புஸ்ஸென்று பொங்கும். அழுக்கெல்லாம் நுரையோடு மேலே வந்துவிடும். வீடியோவில் பார்த்தேன்.

சின்னம்மா, காலை 7:26
வீட்டில் சுக்கா தீர்ந்துவிட்டது அண்ணே. கடை 9 மணிக்குத்தான் திறப்பார்கள்.

தம்பி, காலை 7:31
அம்மா, பின்னால் ஸ்டோரில் ஒரு டின் இருக்கிறது. தாத்தா சாமான்களோடு கிடந்தது. மேலே ‘சுக்கா’ என்று போட்டிருக்கிறது, மீதித் தாள் கிழிந்துவிட்டது.
(புகைப்படம்)

அண்ணன், காலை 7:33
சின்னம்மா, அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆரத்தித் தண்ணீர் எப்படிச் சிவக்கிறது? மஞ்சளில் சுண்ணாம்பு போடுகிறோம், அதனால்தான். மஞ்சளில் உள்ள சாயத்துக்குக் காரம் பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் மறுபடி மஞ்சளாகும். சவுக்காரக் கட்டியில் காரம் அதிகம். உங்கள் சோபாவுக்கு நீங்களே ஆரத்தி எடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

அத்தை, காலை 7:35
நல்லது, கண்திருஷ்டி கழிந்தது.

அண்ணன், காலை 7:36
ஆப்பச் சோடாவும் காரம்தான். அதை இப்போது போட்டாலும் சிவப்பு போகாது. மாமா சொன்னதுபோல் சுக்காவோடு கலந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். பொங்குவது வெறும் காற்று. கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் உப்பு கலந்த தண்ணீர்.

மாமா, காலை 7:38
வீடியோவில் அந்தப் பெண் பளிச்சென்று ஆக்கிக் காட்டினாளே?

அண்ணன், காலை 7:39
தேய்த்தாள், துடைத்தாள் மாமா. அதைச் சுக்கா இல்லாமலேயே செய்திருக்கலாம். இரண்டும் நல்ல பொருள்தான். தனித்தனியே, வேறு வேறு நேரத்தில் போட வேண்டும்.

தம்பி, காலை 7:41
இந்த டின் மூடி துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது. இடுக்கி எடுத்து வருகிறேன்.

மாமா, காலை 7:42
டேய்

மாமா, காலை 7:42
திறக்காதே

மாமா, காலை 7:42
அதைத் திறக்காதே!!

(தவறிய அழைப்பு, காலை 7:43)

(தவறிய அழைப்பு, காலை 7:43)

தம்பி, காலை 7:45
திறக்கவில்லை மாமா. இடுக்கியைத் தேடிக்கொண்டிருந்தேன். ஏன்?

மாமா, காலை 7:52
இப்போதுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது சமையல் சுக்கா இல்லை. சுக்கா கெத்தா. கித்தா பால், அதாவது ரப்பர் பால், உறைய வைக்கிற ஆசிட். தோட்டத்து வேலையை விட்ட பிறகு தாத்தா சொந்தமாக 3 ஏக்கர் கித்தா மரத்தில் பால் வெட்டினார், உனக்குத் தெரியாது. காலையில் பால் எடுத்து வந்து தட்டில் ஊற்றுவோம். இந்த ஆசிட்டைத் தண்ணீரில் நன்றாக விளாவி ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் தயிர் மாதிரி கட்டிவிடும். விளாவாத ஆசிட் ஒருமுறை என் புறங்கையில் தெறித்தது. கொப்புளம் காய்ந்து தோல் உரிந்தது, அந்த இடத்தில் இன்றைக்கும் முடி முளைக்கவில்லை. புகையே கண்ணைக் கரிக்கும்.

அண்ணன், காலை 7:55
ஃபார்மிக் அமிலம். அந்த டின்னில் 85 விழுக்காட்டுக்கு மேலேயே இருக்கும். சமையல் சுக்காவில் அமிலம் 5 விழுக்காடு மாதிரிதான். பெயரில் மட்டும்தான் இரண்டும் சொந்தம். தம்பி, அந்த டின்னைக் கீழே வைத்துவிட்டுக் கையை நன்றாகக் கழுவு. பிளீச் பாட்டில் பக்கத்தில் வைக்காதே. சாக்கடையிலும் ஊற்றாதே.

சின்னம்மா, காலை 7:57
எனக்குக் கை காலெல்லாம் நடுங்குகிறது. இத்தனை வருடம் அதற்குப் பக்கத்தில்தான் அரிசி மூட்டை வைத்திருந்தேன்.

மாமா, காலை 7:58
நாளைக்கு நான் தைப்பிங்கிலிருந்து வருகிறேன். அதுவரை யாரும் தொட வேண்டாம்.

பெரியம்மா, காலை 8:20
(குரல் பதிவு, 2 நிமிடம் 14 விநாடி)

தம்பி, காலை 8:21
பெரியம்மா என்ன சொல்கிறார்? வெளியே நிற்கிறேன், கேட்க முடியவில்லை.

நான், காலை 8:30
எழுதிப் போடுகிறேன். “தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது சோபா ஏது. ரோத்தான் (பிரம்பு) நாற்காலி இரண்டு. இலவம்பஞ்சு மெத்தை ஒன்று, அதில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொட்டலாம். வெயிலில் போட்டு, பிரம்பால் நாலு சாத்து சாத்தினால் முடிந்தது.” அப்புறம் ஒரு நிமிடம் பக்கத்து வீட்டுக் கோழியைப் பற்றி. கடைசியில், மஞ்சள் கறைக்கு வெயிலைவிடப் பெரிய மருந்து இல்லை என்கிறார்.

அண்ணன், காலை 8:33
பெரியம்மா சொல்வதுதான் சரி. மஞ்சள் சாயம் வெளிச்சத்துக்கு நிற்காது. சின்னம்மா, மெத்தை உறைக்கு ஜிப் இருக்கிறதா? உள்பக்கம் சின்னத் துணி லேபிள் ஏதாவது?

சின்னம்மா, காலை 8:41
ஜிப் இருக்கிறது. லேபிளில் ‘டபிள்யூ’ என்று ஓர் எழுத்து.

நான், காலை 8:43
நல்லவேளை. ‘டபிள்யூ’ என்றால் தண்ணீர் படலாம். ‘எஸ்’ என்றால் தண்ணீர் ஆகாது, அதற்கென்று உள்ள திரவம்தான். இரண்டும் சேர்ந்திருந்தால் எது வேண்டுமானாலும் சரி. ‘எக்ஸ்’ என்று போட்டிருந்தால் தூசி உறிஞ்சுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். போன வருடம் நான் இதைப் பார்க்காமல் செய்த வேலை உங்களுக்குத் தெரியுமே.

அத்தை, காலை 8:44
எனக்குத் தெரியாதே?

நான், காலை 8:50
வெட்கத்தில் சொல்லவில்லை அத்தை. கிள்ளானில் எங்கள் வீட்டு சோபாவில் மைலோ பானம் கொட்டியது. நான் ஒரு வாளி சோப்புத் தண்ணீரைக் கரைத்து, தரையைக் கழுவுவதுபோல் ஊற்றிப் பிரஷ் போட்டேன். மேல்துணி மறுநாளே காய்ந்துவிட்டது. உள்ளே இருக்கிற பஞ்சு காயவில்லை. ஐந்தாம் நாள் உட்கார்ந்தால் பின்பக்கம் ஈரம். அப்புறம் நாய் நனைந்த வாசம், அதற்கப்புறம் தையல் ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி. தூக்கிப் போட லோரிக்காரருக்கு 80 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். மைலோ விலை 2 வெள்ளி.

நான், காலை 8:52
அதனால் சின்னம்மா, எந்த மருந்து என்பது இரண்டாவது கேள்வி. எவ்வளவு தண்ணீர் என்பதுதான் முதல் கேள்வி. இந்த அடைமழைக் காலத்தில் நனைந்த பஞ்சு காயவே காயாது.

சின்னம்மா, காலை 8:53
சரி, இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? ஒழுங்காக ஒருத்தர் மட்டும் சொல்லுங்கள்.

நான், காலை 9:05
உறையைக் கழற்றிவிடுங்கள். குழம்பு எண்ணெய் இன்னும் பிசுபிசுப்பாக இருந்தால் அந்த இடத்தில் சோளமாவைக் கொட்டி அரை மணி நேரம் விடுங்கள். குழந்தைகளுக்குப் போடுகிற பௌடரும் ஆகும். மாவு எண்ணெயைக் குடித்துக் கட்டி கட்டியாகும், கரண்டி முனையால் வழித்துவிடலாம். அடுத்தது நுரை. பாத்திரம் கழுவுகிற திரவம் 2 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் அரைக் கிண்ணம். கேக் அடிக்கிற பீட்டரால் அடியுங்கள், முட்டை வெள்ளைபோல் நிற்க வேண்டும். கிண்ணத்தைச் சாய்த்தால் அடியில் தண்ணீர் ஓடும், அதைத் தொடாதீர்கள். மேலே நிற்கிற நுரையை மட்டும் துணியில் எடுத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். நடுவிலிருந்து தேய்த்தால் கறை தாமான் (குடியிருப்பு) முழுக்கப் பரவும். முதலில் ஜிப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துப் பாருங்கள்.

சின்னம்மா, காலை 9:07
நுரையை அப்படியே விட்டுவிடலாமா?

நான், காலை 9:08
கூடாது. சோப்பு மிஞ்சினால் பிசுக்காகி இன்னும் தூசி பிடிக்கும். வேறு துணியைத் தண்ணீரில் நனைத்து, சொட்டே விழாதபடி முறுக்கிப் பிழிந்து, இரண்டு மூன்று தடவை ஒற்றி எடுங்கள்.

அண்ணன், காலை 9:10
அதற்குப் பிறகும் சிவப்பு தெரிந்தால் சமையல் சுக்கா ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. கடைச் சுக்கா! லேசாகத் தொட்டால் கண் முன்னாலேயே மஞ்சளாகும். ஈரத்தோடு வெயிலில் விரித்துவிடுங்கள், கறை உள்ள பக்கம் மேலே பார்க்கட்டும். கறை போனதும் எடுத்துவிட வேண்டும். நாள் கணக்கில் கிடந்தால் துணியும் வெளுத்துவிடும்.

மாமா, காலை 9:15
பேரன் எங்கள் சோபாவில் மூத்திரம் பெய்துவிடுகிறான். பிளீச் கொஞ்சம் தெளிக்கலாமா?

அண்ணன், காலை 9:16
மாமா, இன்றைக்கு உங்களுக்கு என்ன ஆயிற்று! மூத்திரத்தில் அம்மோனியா வரும், பிளீச்சோடு சேர்ந்தால் விஷவாயு. சுக்காவோடு பிளீச் சேர்ந்தால் குளோரின், அதுவும் விஷம். உலர்ந்த துணியால் அழுத்தி அழுத்தி ஈரத்தை எடுங்கள். விளாவிய சுக்காவைத் தொட்டு ஒற்றிக் காயவிடுங்கள். ஆப்பச் சோடாவுக்கு இப்போதுதான் வேலை. நன்றாகக் காய்ந்த பிறகு தூவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் உறிஞ்சி எடுங்கள். வாசம் போகும்.

அத்தை, காலை 9:18
பிளீச் பாட்டிலை நான் ஏற்கெனவே ஒளித்துவிட்டேன். எங்களுடையது தோல் சோபா, தோல் உரிகிறது. அதற்கு என்ன பூசுவது?

நான், காலை 9:21
அது தோல் இல்லை அத்தை, துணி மேல் பூசிய பிளாஸ்டிக். நம் ஊர் ஈரக் காற்றிலேயே அந்தப் பூச்சு சிதைந்து உரியும். ஒன்றும் பூச வேண்டாம், ஒரு விரிப்பைப் போட்டு மூடிவிடுங்கள்.

அத்தை, காலை 9:22
விற்றவர் இத்தாலித் தோல் என்று சொன்னார்.

மாமா, காலை 9:23
அவர் சொன்ன விலையும் இத்தாலி விலைதான்.

ஞாயிற்றுக்கிழமை

சின்னம்மா, காலை 11:40
நுரை அடித்தேன். அக்கா மகள் சொன்னதுபோலவே நின்றது. எண்ணெய் போய்விட்டது. சுக்கா தொட்டதும் சிவப்பு மஞ்சளானதைப் பார்க்கத் தம்பி தன் நண்பர்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டான். உறை கொடியில் காய்கிறது.

மாமா, பகல் 12:15
ஆசிட் டின்னை எடுத்துக்கொண்டேன். இன்னும் கித்தா வெட்டுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். ஸ்டோரில் தாத்தாவின் பால் வெட்டுகிற கத்தியும் இருந்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன், யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?

பெரியம்மா, பகல் 12:31
(குரல் பதிவு, 9 விநாடி)

நான், பகல் 12:32
“வைத்துக்கொள். துடைத்து எண்ணெய் போட்டு வை.”

சின்னம்மா, பிற்பகல் 2:50
மழை! நல்லவேளை, உறையை எடுத்துவிட்டேன். நாளைக்கு மறுபடி காயப்போட வேண்டும்.

புதன்கிழமை

சின்னம்மா, மாலை 5:10
(புகைப்படம்)
மூன்று காலை வெயில். கறை இருந்த இடம் எனக்குத் தெரியும், அதனால் தெரிகிறது. மற்றவர்கள் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். இந்தத் தீபாவளிக்குச் சாப்பாடு வெளியே அஞ்சடித் தாழ்வாரத்தில்தான். சோபாவில் வெறும் பேச்சு மட்டும்.

மாமா, மாலை 5:14
முறுக்கு?

சின்னம்மா, மாலை 5:15
முறுக்கும் அஞ்சடியில்தான் அண்ணே.

அத்தை, மாலை 5:30
நேற்று நீ கொடுத்துவிட்ட கேக் கிடைத்தது. நன்றாக உப்பியிருக்கிறது. எலுமிச்சை வாசம் தூக்குகிறதே, எத்தனை பழம் பிழிந்தாய்?

சின்னம்மா, மாலை 5:31
எலுமிச்சை போடவில்லையே அண்ணி. வெனிலா கேக்தான் அது.

நான், மாலை 5:32
சின்னம்மா, பீட்டரைக் கழுவினீர்களா?

சின்னம்மா, மாலை 5:33
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.