மின்காரின் கியர் பெட்டி எண்ணெய்: சொல் வேண்டும், வெள்ளிக்குள்

ரோஸ் ஹில் (மொரீசியசு), மாலைத் தமிழ் வகுப்பு ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். வருடப்பிறப்பு விழாவுக்கு எங்கள் மாணவர்கள் ஆளுக்கொரு செய்முறைத் தாள் எழுதுகிறார்கள். கராஜ் வைத்திருப்பவரின் மகன் ஒருவன், ஜப்பானிலிருந்து பழைய வண்டியாக வந்த நிசான் லீஃப் மின்காருக்கு அப்பா எண்ணெய் மாற்றியதைக் கூடவே இருந்து பார்த்து எழுதியிருக்கிறான். நன்றாக எழுதியிருக்கிறான், ஆனால் முக்கியமான இடமெல்லாம் கிரியோல்: புவாத் வித்தெஸ் (கியர் பெட்டி), தெல்வில் (எண்ணெய்), விதாஞ். விதாஞ் என்பதற்கு ‘எண்ணெய் மாற்றுதல்’ என்று திருத்திவிட்டேன். அந்தப் பெட்டிக்கும் அதில் ஊற்றும் எண்ணெய்க்கும் என்ன சொல்லலாம்? ‘வேகப்பெட்டி’ என்று போடலாமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

மொக்கா, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அம்மா, வணக்கம். ‘வேகப்பெட்டி’ பிரெஞ்சுச் சொல்லின் நிழல், அது வேண்டாம். பல்லிணைப் பேழை என்று எழுதுங்கள். பல்லோடு பல் இணைவதால் பல்லிணை. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும், புணர்ச்சியில் குறையில்லை.

அடுத்தது எண்ணெய். எள்ளும் நெய்யும் சேர்ந்தது எண்ணெய். பாறைக்கு அடியிலிருந்து எடுத்து ஆலையில் வடித்த பொருளுக்கு எள்ளின் பெயர் எப்படிப் பொருந்தும்? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘உயவு’ என்று வருகிறது. அதுவும் எனக்கு ஒப்பவில்லை. தொல்காப்பியம் உரியியலில் ‘உயாவே உயங்கல்’ என்கிறது. உயங்கல் என்றால் வருந்துதல். தேயாமல் காக்கும் பொருளுக்கு வருத்தத்தின் பெயரை வைப்பதா? மசகு இருக்கிறது. வண்டியச்சுக்குப் பூசியது அது. மசகுநெய் என்று முடித்துவிடலாம்.

வண்டி என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. புறநானூறு 102-இல் ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது, உப்பு வணிகர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிவைத்த ‘சேம அச்சு’ போன்றவன் என்கிறார். மேடு எது, பள்ளம் எது என்று யாருக்குத் தெரியும், இருக்கட்டும் என்று மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வள்ளுவருக்கும் அச்சுதான் கிடைத்தது. மயிற்பீலி ஏற்றிய வண்டியும் அளவு மீறினால் அச்சு இறும். இவ்வளவு வண்டிச் சொல் கையில் இருக்க, நம் பிள்ளைகள் கடன் சொல்லில் எழுதுவது எனக்கு வலிக்கிறது.

கத்ர் போர்ன், மெக்கானிக்:

ஐயா, சேம அச்சு அருமை. பல்லிணையில்தான் எனக்குத் தடை. பல்லாண்டு என்றால் பல ஆண்டு, பல்லுயிர் என்றால் பல உயிர். மாணவன் பல்லிணையைப் பல இணை என்றுதான் படிப்பான். லீஃபுக்குள் பல இணை இல்லை, இரண்டே இணைப் பல்சக்கரங்கள்.

பெட்டி என்ன செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. பெட்ரோல் காரில் ஐந்தாறு கியர் விகிதம் இருக்கும். ஓட்டுபவரோ எந்திரமோ ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும். லீஃபில் மாற்ற எதுவும் கிடையாது. மோட்டார் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை போகும். அது ஏறக்குறைய 8 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். வேகம் குறையும், முறுக்குவிசை கூடும். பின்னால் போவதற்கும் தனிப் பல்சக்கரம் இல்லை, மோட்டாரே எதிர்ப்பக்கம் சுழலும். ஆகவே வேகப்பெட்டி தவறு. வேகக்குறைப்பி என்று சொல்லுங்கள்.

அம்மா, சொல்லைவிட முக்கியமானது ஒன்று. பையன் தாளில் வடிதிருகை (கீழே எண்ணெயை வடிக்கும் திருகு) முதலில் கழற்றச் சொல்லியிருந்தால் உடனே திருத்துங்கள். கார் சமமட்டத்தில் நிற்க வேண்டும். முதலில் மேலே இருக்கும் நிரப்புதிருகு கழல்கிறதா என்று பார்க்க வேண்டும். அது துருப்பிடித்து இறுகியிருக்க, கீழே எண்ணெயை வடித்துவிட்டால் புது எண்ணெய் ஊற்ற வழியில்லை, வண்டி தூக்கியில் மாட்டிக்கொள்ளும். வடிந்து வருவது கறுப்பாக இருக்கும். விரலில் எடுத்து வெயிலில் பிடித்தால் நுண்ணிய இரும்புப் பொடி மினுங்கும். பல்சக்கரங்கள் புதிதில் ஒன்றோடொன்று உரசிப் பழகியபோது விழுந்த பொடி. பிறகு கீழ்த்திருகை மூடி, நிரப்புவாயில் வழியும்வரை ஊற்ற வேண்டும். ஒன்றரை லிட்டர்கூடப் பிடிக்காது. செம்மஞ்சள் வடங்கள் பக்கம் கை போகக்கூடாது, அவை உயர் மின்னழுத்தம். இதைத் தாளில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

டர்பன் (தென்னாப்பிரிக்கா):

இங்கே எங்கள் பிள்ளைகள் வீட்டிலும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். தமிழ் வாரத்தில் ஒரு வகுப்பு. ஒரு வரியில் இரண்டு புதுச்சொல் வந்தால் அடுத்த வரிக்குப் போகமாட்டார்கள். தமிழ்நாட்டிலும் பட்டறையில் கியர்பாக்ஸ், கியர் ஆயில் என்றுதான் சொல்கிறார்கள். வேகக்குறைப்பி என்றதும் படிப்பவர் சாலையில் உள்ள வேகத்தடையை நினைப்பார். கியர் என்றே எழுதுங்கள். தமிழ் கெட்டுப்போகாது.

மொக்கா:

டர்பன் நண்பருக்கு: எது வந்தாலும் சரி என்று இருந்திருந்தால், 1998-இல் மொரீசியசு ரூபாய் நோட்டில் இந்தி வரியை மேலே ஏற்றித் தமிழ் வரியைக் கீழே இறக்கியபோது நாம் வாய்திறந்திருக்க மாட்டோம். திறந்தோம், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள்.

கத்ர் போர்ன் தம்பிக்கு: செயலைப் பார்த்துப் பெயர் வைப்பதை ஏற்கிறேன். ஆனால் ‘குறைப்பி’ வறண்ட சொல், ஏதோ குறை இருப்பது போலவும் ஒலிக்கிறது. தணிப்பி எனலாம். சூரனோடு பொருத சினம் தணிந்த இடம் தணிகை என்று தலபுராணம் சொல்கிறது. காவடி எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே தெரியும்.

கத்ர் போர்ன்:

ஐயா, தணிந்தால் எல்லாமே அடங்கிவிடும். இங்கே முறுக்குவிசை எட்டு மடங்கு எழுகிறது. தணிப்பி பாதி வேலையைத்தான் சொல்கிறது. குறைப்பியும் பாதிதான், ஆனால் அதில் ‘வேகம்’ முன்னால் நின்று எது குறைகிறது என்று சொல்லிவிடுகிறது.

ரோஸ் ஹில்:

நோட்டு விவகாரத்தில் நானும் ஐயா பக்கம்தான். அங்கே கேள்வி தமிழுக்கு எந்த இடம் என்பது. இங்கே பதினான்கு வயதுப் பையன் தான் கண்ணால் பார்த்ததைத் தமிழில் சொல்லி முடிக்கிறானா என்பது. எள் மறைந்து வெகுநாளாயிற்று. தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் என்று சொல்லும்போது யாரும் எள்ளைத் தேடுவதில்லை.

தலைப்பில் ‘மின்காரின் கியர் எண்ணெய் மாற்றும் முறை’ என்று போடுகிறேன். முதல் பத்தியில் ‘வேகக்குறைப்புப் பெட்டி’ வரும், மோட்டார் எட்டுச் சுற்று, சக்கரம் ஒரு சுற்று என்ற விளக்கத்தோடு. பிறகு தாள் முழுக்க ‘பெட்டி’ மட்டும். எண்ணெய்க்கு ‘மசகெண்ணெய்’. நிரப்புதிருகு, வடிதிருகு இரண்டும் பையனுக்குப் பிடித்துவிட்டன, அவற்றைப் பற்றி இங்கே ஒருவரும் சண்டை போடவில்லை. இதுவரை எழுதியவர்களில் ஐயாவைத் தவிர மற்றவர்களுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். திருகுகளின் வரிசையைச் சரிபார்த்தேன், பையன் சரியாகவே எழுதியிருந்தான்.

மொக்கா:

அச்சிடுங்கள் அம்மா, வெள்ளிக்கிழமை காத்திருக்காது. தலைப்பில் கியர் வருவதற்கு என் மறுப்பு இருக்கட்டும். இப்போது மோட்டார், பல்சக்கரம், மின்மாற்றுக் கருவி (இன்வெர்ட்டர்) எல்லாவற்றையும் அச்சோடு ஒரே கூட்டில் வைத்துச் செய்கிறார்கள் என்று படித்தேன். அப்படியானால் பெட்டியை விட்டுவிட்டு ‘மின்னச்சு’ என்றே சொல்லலாமே. ஔவையார் சொன்ன அச்சு.

கத்ர் போர்ன்:

மின்னச்சு நல்ல சொல், ஐயா. ஆனால் கணினியில் அச்சிடுவதற்கும் அதைத்தான் சொல்வார்கள். அச்சு என்ற சொல்லுக்கே இரண்டு வேலை. தனி இழை தொடங்குங்கள், நான் வருகிறேன்.