கிட்னியைச் சுற்றிக் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்தால்?

தக்கலை வாசகி:
அண்ணனுக்கு 46 வயது. பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த வயிற்று ஸ்கேனில், ஈரலில் கொழுப்பு கிரேடு 1, இரண்டு கிட்னியைச் சுற்றியும் கொழுப்பு கூடுதல் என்று எழுதியிருக்கிறது. உயரம் 168 செ.மீ., எடை 68 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 96. பிரஷர் 138/88, வெறும் வயிற்றில் சுகர் 108. தடியான ஆள் இல்லை. இதைப் பொருட்படுத்த வேண்டுமா?

ஸ்கேன் அறை:
கிட்னியின் மேலுறைக்கும் அதற்கு வெளியே உள்ள கெரோட்டா உறைக்கும் நடுவில் எல்லோருக்கும் கொழுப்பு உண்டு. கிட்னிக்கு அதுதான் மெத்தை. கூடினால்தான் கவனிக்க வேண்டும். மில்லிமீட்டர் கணக்கு போட்டிருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். மல்லாக்கப் படுக்க வைத்து, கருவியை அழுத்தாமல், கிட்னியின் மேற்பரப்பு தோலுக்கு இணையாகத் தெரியும்படி திருப்பி, வயிற்றுத் தசையின் உள் விளிம்பிலிருந்து கிட்னி வரை அளந்து, இரண்டு பக்கத்துக்கும் சராசரி எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலே அளவு குறைந்துவிடும். இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் ஆபத்து என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவும் கிடையாது. ஒன்று கவனியுங்கள்: சி.டி. ரிப்போர்ட்டில் 'ஃபேட் ஸ்ட்ராண்டிங்' (கொழுப்புக்குள் கோடு கோடாகத் தெரிவது) என்று வந்தால் அது வேறு சமாச்சாரம். அழற்சி, தொற்று, கல் அடைப்பு இவற்றின் அடையாளமாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

குழித்துறை மருத்துவர்:
தங்கச்சி, அந்த ஒரு வரியை விட நீங்கள் எழுதிய எண்கள்தான் முக்கியம். நம் ஆண்களுக்கு வயிறு 90 செ.மீ. அல்லது மேல், பிரஷர் 130/85 அல்லது மேல், வெறும் வயிற்றுச் சுகர் 100 அல்லது மேல், டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பில் ஒரு வகை) 150 அல்லது மேல், எச்.டி.எல். என்னும் நல்ல கொலஸ்ட்ரால் 40க்குக் கீழ்: இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது சுகர் நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடும் கோளாறுகளின் கூட்டு. அண்ணனுக்கு ஏற்கெனவே மூன்றும் ஆயிற்று. பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடைக் கணக்கு) 24தான், ஆனால் நம் நாட்டுக்காரர்களுக்கு 23லேயே கூடுதல் எடை தொடங்கிவிடும்.

இந்தக் கொழுப்பு கிட்னியோடு ஒட்டிக் கிடப்பதால், கூடக்கூட ரத்தக் குழாய்களை நெருக்கும்; உள் அழுத்தம் ஏறும். கிட்னியின் நுண்குழல்களில் நீர் மெதுவாக ஓடும்போது உப்பு கூடுதலாக உடம்புக்கே திரும்புகிறது, பிரஷரை ஏற்றும் ரெனின் சுரக்கிறது, பிரஷர் ஏறுகிறது. இன்னொரு பக்கம் கொழுப்பமிலங்களும் அழற்சிப் பொருள்களும் கசிந்து இன்சுலின் வேலையைக் கெடுக்கின்றன. ஆனாலும் இதுதான் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஈரலிலும் குடலைச் சுற்றியும் கொழுப்பு சேர்ந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் இங்கேயும் சேர்கிறது.

ரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவின் அளவைப் பார்த்து ஜி.எஃப்.ஆர். (கிட்னி வடிகட்டும் வேகம்) கணக்கிடுங்கள். காலை முதல் சிறுநீரில் அல்புமின் (ஒரு புரதம்)–கிரியேட்டினின் விகிதமும் பாருங்கள். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும்போதும், முந்தின நாள் கடும் உடலுழைப்பு இருந்தாலும் எடுத்தால் பொய்யாக ஏறும். 30ஐத் தாண்டினால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னும் இரண்டு தடவை பார்த்தே முடிவு சொல்ல வேண்டும்.

தக்கலை வாசகி:
ரொம்ப நன்றி டாக்டர். சாப்பாட்டில் எதைக் குறைக்க?

பத்திய அக்கா:
முதலில் மரச்சீனிக் கிழங்கு. 100 கிராம் கிழங்கில் ஏறக்குறைய 38 கிராம் மாவுச்சத்து, அதே அளவு சோற்றில் 28தான். மீன்கறியோடு 300 கிராம் கிழங்கு சாப்பிட்டால் 400 கிராம் சோறு சாப்பிட்ட கணக்கு. அதற்குமேல் சோறும் வைப்பதுதான் கேடு. இரண்டில் ஒன்று போதும். சாளை, அயிலை நல்லது, பொரிக்காமல் குழம்பாக வையுங்கள், தேங்காய் அரைப்பைப் பாதியாக்குங்கள். சாயாவோடு பழம்பொரியும் நேந்திரங்காய் சிப்ஸும் வேண்டாம். கருப்பட்டியும் சர்க்கரைதான், அதில் சலுகை இல்லை. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள். கருவாடு, ஊறுகாய், பப்படம் மூன்றும் அதில் சேர்த்தி. வாரம் 150 நிமிடம் வேக நடை. எடையில் 4 கிலோ இறங்கினாலே வயிற்றுக்குள் உள்ள கொழுப்பு நன்றாகக் குறையும். டேப்பை விலா எலும்பின் கீழ் முனைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை விட்டபின் அளந்து மாதம் ஒரு தடவை குறியுங்கள். பேன்ட் அளவை நம்பாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே நிற்கும்.