“இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா அண்ணா?”

இரவுவிளக்கு:

பதினோரு வருடம் இன்சூரன்ஸ் க்ளெய்ம் பிரிவில் இருந்தேன். ஃபைலைத் திற, எண்ணைச் சரிபார், அடுத்த மேசைக்குத் தள்ளு. இந்தக் குழுவில் பாதிப் பேருக்கு அந்த வாழ்க்கை தெரியும், விவரிக்க வேண்டியதில்லை.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவனை வேலை பழகச் சொல்லி என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நான்காவது நாள் மத்தியானம், ஒரு படிவத்தில் தேதி பார்த்துக்கொண்டிருந்தேன். “இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா அண்ணா?” என்றான். குத்தலாக ஒன்றும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். என் விரல் என்டர் பொத்தான் மேல் அப்படியே நின்றுவிட்டது. “ம், பிடிக்குமே” என்றேன். அவன் தலையாட்டிவிட்டு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டான். என்ன எழுதினான் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. வருடக்கணக்காக எனக்கு நானே மூன்று பதில் சொல்லி வந்திருக்கிறேன்: வேறு என்ன தெரியும், இந்த வயதில் எங்கே போக, நேரம் ஏது. முதல் இரண்டையும் எப்படிச் சோதிப்பது என்று தெரியவில்லை. மூன்றாவதைச் சோதிக்கலாமே! ஒரு சின்ன நோட்டில் இரண்டு வாரம் அரை மணிக்கு ஒருமுறை என்ன செய்தேன் என்று குறித்தேன். பெரும்பாலான இரவுகளில் 9.30 முதல் 11.45 வரை ஒரே வார்த்தைதான்: போன். பக்கம் பக்கமாக போன், போன், போன். அதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

இன்னொன்றும் அந்த நோட்டில் கிடைத்தது. களைப்பு தெரியாத நேரங்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தேன். எல்லாப் புள்ளியும் அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்த நேரத்தில்தான் விழுந்திருந்தது.

சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாற்றினேன். தினம் ராத்திரி ஒரு பக்கம், க்ளெய்ம் விதிகளைப் புதியவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதினேன். எட்டு மாதம் கழித்து அந்தக் கட்டை எடுத்துப்போய் மேலாளரிடம் காட்டினேன். இப்போது பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். அதே கட்டடம், ஒரு மாடி மேலே. சம்பளம் ஒரு காசு கூடவில்லை. ஆனால் காலையில் எழுந்திருக்கும்போது நெஞ்சில் அந்தக் கல் இல்லை.

ஈரமண்:

அண்ணா, உங்களுக்கு ஒரு மாடி ஏறியதும் வழி கிடைத்துவிட்டது. நான் கட்டடத்தை விட்டே ஓடினேன், அப்படியும் தப்பிக்கவில்லை.

ஒரு மீட்டிங்கில் நடந்த அவமானத்தோடு ராஜினாமா கொடுத்துவிட்டு வந்தேன். நான்கு மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. நல்ல இடம், நல்ல மனிதர்கள். மூன்றாவது மாதம் ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு என் புது மேலாளரிடமிருந்து மெயில் வந்தது. திறந்தேன். “அவசரம் எதுவும் இல்லை, நாளைக்கு வந்து பாருங்கள், மறந்துவிடுவேன் என்றுதான் இப்போதே அனுப்புகிறேன்” என்று எழுதியிருந்தார். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே என் இன்னொரு கை லேப்டாப்பைத் திறந்துவிட்டது. கை தானாகப் போய்விட்டது. திரை வெளிச்சத்தில் அந்தக் கையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பழைய வேலையை விட்டுவிட்டேன், அந்த வேலையைப் பார்த்தவளை மட்டும் கூடவே கூட்டி வந்திருக்கிறேன். யார் எதைக் கேட்டாலும் சரி என்பது, செய்ததை எவரிடமும் சொல்லாமல் இருப்பது, எல்லாமே கூடவே வந்துவிட்டது.

எட்டு மணிக்கு மேல் மெயில் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தேன். 21 நாளில் பழக்கம் மாறிவிடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். 22ஆம் நாள் மறுபடி பார்த்துவிட்டு, என்னால் எதுவுமே முடியாது என்று அழுதேன். இப்போது பரவாயில்லை. ஆனால் அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நெடுவழி:

சகோதரி, அந்த 21 நாள் கணக்கால் எத்தனை பேர் மனம் உடைந்து போகிறார்கள்! 1960இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதிலிருந்து வந்தது அது. அறுவை சிகிச்சை ஆனவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று தான் கவனித்ததைத்தான் அவர் சொன்னார். நாளடைவில் ‘குறைந்தது’ உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஒரு பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு வர நடுவாந்திரமாக 66 நாள், ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18 முதல் 254 வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் பார்த்தார்கள். உங்கள் 22ஆம் நாள் தோல்வியே இல்லை.

என் கதை சின்னது. போனில் பொருள் விற்கும் வேலை. ஒரு முதியவர் என்னிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு, “நீ நல்ல பிள்ளை, உனக்காக வாங்குகிறேன்” என்றார். அவருக்கு அது தேவையே இல்லை. ஆர்டரை எழுதிக்கொண்டேன். அடுத்த வருடம் வெளியே வந்துவிட்டேன்.

வெளியே வர நினைப்பவர்களுக்குச் சிலது சொல்கிறேன். “இனிமேல் படிக்கப் போகிறேன்” என்று பொதுவாக நினைக்காதீர்கள். “சாப்பிட்டுக் கை கழுவியதும் மேசையில் உட்காருவேன்” என்று நேரத்தோடும் இடத்தோடும் கட்டிவையுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பற்றியே நிறைய ஆய்வு செய்திருக்கிறார். அப்புறம், வேலை தேடுவதை நெருங்கிய நண்பர்களிடம் மட்டும் சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்த இடம் உங்களுக்கும் தெரிந்ததாகத்தான் இருக்கும். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரைப்படி, தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு வழி காட்டியது எப்போதாவது பார்க்கும் ஆள்தான். பழைய வகுப்புத் தோழர், முன்பு கூட வேலை பார்த்தவர், இவர்களுக்கு இரண்டு வரி எழுதுங்கள். கையில் சில மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் ராஜினாமா கொடுக்காதீர்கள். இத்தனை வருடம் போட்டுவிட்டோமே என்ற கணக்கும் வேண்டாம். போன வருடங்கள் நீங்கள் இருந்தாலும் வராது, போனாலும் வராது. கடைசியாக, எல்லாம் மனதில்தான் இருக்கிறது. மனம் மாறினால் வேலையும் மாறும்.

கரைமரம்:

நெடுவழி, மற்றதெல்லாம் சரி. அந்தக் கடைசி இரண்டு வரியை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அதை நம்பித்தான் நான் இரண்டு வருடம் என்னையே திட்டிக்கொண்டேன்.

எட்டுப் பேர் வேலையை மூன்று பேர் பார்த்தோம். காலையில் தியானம், நன்றி நோட்டு, எல்லாம் செய்தேன். ஒருநாள் லிஃப்ட்டுக்குள் போய் ஆறாவது மாடிப் பொத்தானை அழுத்தக் கையைத் தூக்கினேன், அழுத்த முடியவில்லை. கதவு மூடியது. யாரோ மேலே கூப்பிட்டார்கள், போனேன். திரும்பக் கீழே வந்தேன். மூன்று முறை அப்படியே ஏறி இறங்கினேன். நான்காவது முறை ஒரு துப்புரவுத் தொழிலாளி அம்மா உள்ளே வந்து, “எந்த மாடிப்பா?” என்று கேட்டார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. தரைத்தளத்தில் வெளியே கூட்டி வந்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்-அவுட்டைப் பற்றிச் சொன்னதைப் பிற்பாடுதான் படித்தேன். சரியாகக் கையாளப்படாத, நீண்டகாலப் பணியிட அழுத்தத்தால் வருவது என்கிறார்கள். நோய் என்று அல்ல, வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற உணர்வு, மூன்றும் எனக்கு இருந்தன. பழக்கத்தை மாற்றலாம், தப்பில்லை. ஆனால் எட்டுப் பேர் வேலை எட்டுப் பேர் வேலைதான். என் நன்றி நோட்டு அதைக் குறைக்காது.

இரவுவிளக்கு, ஒன்று கேட்கிறேன். அந்தப் பையன் என்ன ஆனான்?

இரவுவிளக்கு:

மூன்று மாதத்தில் போய்விட்டான். சொல்லிக்கொண்டு போனான், நான்தான் சரியாகப் பேசவில்லை.

நீங்கள் கேட்டபிறகு அவன் எண்ணைத் தேடினேன், இருந்தது. “அன்றைக்கு நீ கேட்டதற்குப் பொய் சொல்லிவிட்டேன் தம்பி. பிடிக்கவில்லை. உனக்குச் சொல்லிக்கொடுத்தது மட்டும்தான் பிடித்தது” என்று எழுதி நேற்று ராத்திரி அனுப்பினேன். போன் ஹாலில்தான் இருந்தது, நான்கு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். படித்துவிட்டான். பதில் இன்னும் வரவில்லை.