சிபில் 780, வாடகை பாக்கி 5 மாதம்

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடி போர்ஷனை 2011 முதல் வாடகைக்கு விடுகிறோம். என் கணவரின் பென்ஷன் வீட்டுச் செலவுக்குச் சரியாக இருக்கும். மருந்துச் செலவு மாடி வாடகையில்தான் ஓடுகிறது. அதனால் யாருக்கு வீட்டைக் கொடுப்பது என்று முடிவு செய்வதற்குள் எனக்குத் தூக்கமே போய்விடும்.

சில வருடங்களுக்கு முன் ஐ.டி. வேலையில் இருக்கும் ஒருவர் வந்தார். வாங்கிய கடனை ஒருவர் எப்படிக் கட்டுகிறார் என்று மதிப்பெண் போட்டுச் சொல்லும் சிபில் அறிக்கையை, நாங்கள் கேட்கும் முன்பே போனில் திறந்து காட்டினார். 900-க்கு 780. "750-க்கு மேல இருந்தாலே பேங்க்ல கூப்பிட்டுக் கடன் தருவாங்க, யோசிக்காம கொடும்மா" என்றான் என் மகன். கொடுத்தேன். நான்கு மாதம் 5-ஆம் தேதிக்குள் வாடகை வந்தது. அப்புறம் 12-ஆம் தேதி ஆனது, அப்புறம் 20. அதன் பிறகு "அடுத்த மாசம் சேர்த்துத் தரேன் ஆன்ட்டி" என்ற பதில் மட்டும்தான் வந்தது. மொத்தம் 5 மாதம் நின்றுபோனது. நாங்கள் வாங்கியிருந்த அட்வான்ஸ் 3 மாதம். அவர் காலி செய்த பிறகு இ.பி. பில்லையும் நாங்கள்தான் கட்டினோம்.

பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவருடைய கார் கடன், பர்சனல் லோன், கார்டு எல்லாவற்றுக்கும் பணம் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும். போனது போக மிச்சம் இருந்தால்தான் எனக்கு. அந்த அறிக்கையில் ஏறுவது வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொடுக்கும் கடன் கணக்கு. மாடி வீட்டு வாடகை பாக்கியை என்னைப் போன்ற ஒருத்தி அங்கே போய் எழுத முடியாது. எனக்கு 5 மாதம் கடன் வைத்துவிட்டுப் போன அன்றும் அவருடைய ஸ்கோர் அப்படியேதான் இருந்திருக்கும்.

அடுத்து வந்தது கீழ்க்கட்டளையில் டிபன் கடை வைத்திருக்கும் தம்பதி. கடனே வாங்கியதில்லை என்பதால் ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் -1 என்று வந்தது. மகன் தயங்கினான். நான் அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: இப்போது இருக்கும் வீட்டுக்கு முன்னால் எங்கே இருந்தீர்கள்? இப்போதைய வீட்டுக்காரரிடம் விசாரித்துப் பயனில்லை. ஆள் போனால் போதும் என்று நினைப்பவர் தங்கமான குடும்பம் என்றுதான் சொல்வார். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்கு இனி லாபமோ நஷ்டமோ கிடையாது.

அந்த வீடு நங்கநல்லூரில். போன் போதாது என்று நேரிலேயே போனேன். அங்கிருந்த பாட்டி உட்காரவைத்துப் பேசினார். "ஆறு வருஷம் இருந்தாங்கம்மா. 2020 லாக்டவுன்ல கடையே இல்ல. வாடகை நாளுக்கு முன்னாடியே வந்து, இந்த மாசம் முடியாது பாட்டின்னு சொல்லிட்டாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மொத்தமும் அடைச்சாங்க." எனக்கு அதுவே போதும். பணமுடை எல்லோருக்கும் ஒரு மாதம் வரும். வரப்போகிறது என்று முன்கூட்டியே வந்து சொல்கிற ஆளா என்பதைத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எங்கள் மாடியில் இருந்தவரை ஒரு மாதம்கூட அவர்கள் தவறவில்லை.

இப்போது அவர்கள் குரோம்பேட்டைக்கு மாறுகிறார்கள். நான் மறுபடி ஆள் தேட வேண்டும். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

கோவை பீளமேட்டிலிருந்து ஒரு வீட்டுக்காரர்:

வருகிறவர் என்ன கேட்கிறார் என்று கவனிப்பேன். உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா, மோட்டார் யார் போடுவது, மீட்டர் தனியா என்று கேட்பவர் குடியிருக்கப் போகிறவர். வீட்டைச் சரியாகப் பார்க்காமலே "இப்பவே டோக்கன் அட்வான்ஸ் போட்டுடறேன் சார்" என்று அவசரப்பட்ட இரண்டு பேரிடம் நான் பட்டிருக்கிறேன். முடிந்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்த ரசீதையோ பழைய ஒப்பந்தத்தையோ கொண்டுவரச் சொல்வேன்.

வாடகை வீட்டில் இருக்கும் ஒருவர், சென்னை:

என் பக்கத்தையும் சொல்கிறேன். போன வருடம் எட்டு வீடு பார்த்தேன். 26 மாதம் ஒரே தேதியில் யு.பி.ஐ.-யில் வாடகை அனுப்பிய வங்கிக் கணக்கு அறிக்கை கையில் இருந்தது. பழைய வீட்டுக்கார அம்மாவின் நம்பரும் இருந்தது. ஐந்து வீடுகளில் யாரும் அதைப் பார்க்கவில்லை. என் பெயரைக் கேட்டதும் "பாய் வீட்டுக்குக் கொடுக்கறதில்லப்பா" என்றார்கள். ஒருவர் "நீங்க தப்பா எடுத்துக்காதீங்க" என்று சேர்த்துக்கொண்டார். என் மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். விசாரியுங்கள், ஆபீசுக்கு வாருங்கள், இப்போதிருக்கும் வீட்டை வந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் நான் தயார். என்னைப் பற்றி ஒன்றும் கேட்காமலே கதவைச் சாத்துவதைத்தான் தாங்க முடியவில்லை.

தாம்பரத்திலிருந்து இன்னொருவர்:

ஆளைப் பார்ப்பதோடு தாளையும் பாருங்கள். 11 மாத ஒப்பந்தம் எழுதினால் பதிய வேண்டாம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். தனியாகப் பேசி எழுதாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. தகராறு என்று வந்தால் அந்தப் பதிவுதான் இரண்டு பேருக்கும் துணை.

மடிப்பாக்கத்திலிருந்து மறுபடியும் நான்:

வாடகை வீட்டில் இருக்கும் அந்தத் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நானும் புரோக்கரிடம் "சைவம் மட்டும்" என்று சொல்லி வைத்திருந்தேன். அந்த 780 ஸ்கோர்காரர் சுத்த சைவம். இன்று காலை புரோக்கருக்குப் போன் செய்து, அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள், வருகிறவர் யாராக இருந்தாலும் முந்தைய வீட்டு விலாசத்தை மட்டும் மறக்காமல் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மதியம் குரோம்பேட்டையிலிருந்து ஒரு வீட்டுக்காரர் அழைத்தார். டிபன் கடைத் தம்பதி என் நம்பரைக் கொடுத்திருந்தார்களாம். அரை மணி நேரம் பேசினேன், நங்கநல்லூர் பாட்டி சொன்னதையும் சேர்த்து. அந்த 780 ஸ்கோர்காரரைப் பற்றிக் கேட்டு இன்றுவரை ஒருவரும் அழைக்கவில்லை.