‘பேபல்’ பற்றி எங்கள் வீட்டுக் குழுவில் நடந்த பேச்சு

முகிலன்: லண்டனைச் சேர்ந்த நாட்டுப்புற ராக் இசைக்குழுவான மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸின் இரண்டாவது தொகுப்பான ‘பேபல்’ பற்றிக் கயல் அக்கா நேற்று ‘சுமார்’ என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போய்விட்டார். 2012 செப்டம்பரில் வெளிவந்து, அமெரிக்காவில் மட்டும் முதல் வாரத்தில் ஏறக்குறைய 6 லட்சம் பிரதிகள் விற்று, 2013-இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதும் வாங்கிய ஒன்றை அப்படித் தள்ளிவிடலாமா?

கயல்விழி: தள்ளவில்லை தம்பி. தனித்தனியே கேட்டால் பெரும்பாலான பாடல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. வரிசையாகக் கேட்கும்போதுதான் அலுப்புத் தட்டுகிறது. கிட்டார் மெல்ல ஒலிக்கும், முதன்மைப் பாடகர் மார்கஸ் மம்ஃபோர்ட் தாழ்ந்த குரலில் எடுப்பார், பான்ஜோ என்ற தந்திக் கருவி நுழைந்து வேகம் பிடிக்கும், குழுவின் நால்வரும் சேர்ந்து உச்சத்தில் பாடுவார்கள், சட்டென்று எல்லாம் அடங்கிப் பிறகு இன்னொரு முறை வெடிக்கும். நான்காவது பாடலுக்குள் அடுத்து என்ன வரப்போகிறது என்பது நமக்கே தெரிந்துவிடுகிறது.

சித்தப்பா: 2009-இல் அவர்களின் முதல் தொகுப்பான ‘சை நோ மோர்’ வந்தபோது இதே அமைப்பைத்தானே அம்மா நாம் எல்லோரும் புதுமை என்று கொண்டாடினோம்? இரண்டுக்கும் தயாரிப்பாளரும் ஒருவரே, மார்கஸ் டிராவ்ஸ்.

கயல்விழி: அப்போது அது லண்டனின் சிறிய அரங்குகளில் பாடிப் பழகிய நால்வரின் இயல்பான குரலாக இருந்தது, சித்தப்பா. இரண்டாவது தொகுப்பின் பாடல்களில் பலவற்றை அவர்கள் இசைப்பயணத்தின் நடுவே, பெருங்கூட்டத்தின் முன்னால் மேடையில் பாடிப் பார்த்தே உருவாக்கினார்கள். கூட்டம் எந்த இடத்தில் எழுந்து குதிக்கிறது என்று தெரிந்துவிட்ட பிறகு, ஒவ்வொரு பாடலையும் அந்த இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தத் தோன்றாமல் இருக்குமா?

யாழினி: மிருதங்கம் கற்பவள் என்ற முறையில் நான் இன்னொரு காரணம் சொல்கிறேன், அக்கா. இந்தக் குழுவில் தனியாக டிரம்ஸ் வாசிப்பவர் இல்லை. மார்கஸ் மம்ஃபோர்ட் கையில் கிட்டாரை வாசித்துக்கொண்டே காலால் பெரிய டிரம்மை மிதித்துத் தாளம் போடுகிறார், வாயால் பாடவும் செய்கிறார். அந்தக் கால் எல்லா அடியிலும் ஒரே மாதிரி விழத்தான் செய்யும். அதில் நடை மாற்றமும் (அடியின் உட்பிரிவை மாற்றுவது) கோர்வையும் (முடிவுக்குக் கோத்து வாசிக்கும் தாளக் கோவை) எதிர்பார்க்க முடியாது. ‘ஐ வில் வெயிட்’ பாடலில் அதுவே பலம், ஏனென்றால் மேலே பான்ஜோ விடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதே மிதியைப் பாடலுக்குப் பாடல் கேட்கும்போது காது சோர்ந்துபோகிறது.

முகிலன்: யாழினி சொல்வது சரிதான். ‘லவர் ஆஃப் தி லைட்’ பாடலை மேடையில் பாடும்போது மார்கஸ் முழு டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். தொகுப்பிலேயே தாளம் மூச்சு விடுகிற பாடல் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சித்தப்பா: என் வாக்கு ‘கோஸ்ட்ஸ் தட் வி நியூ’ பாடலுக்கு. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீண்டாலும் அவசரப்படாமல் போகிறது. இவர்களே ஆங்கிலப் பாடகி லாரா மார்லிங்கோடும் ராஜஸ்தான் நாட்டுப்புறக் கலைஞர்களோடும் சேர்ந்து டெல்லியில் பதிவு செய்த ஒரு சிறு தொகுப்பு 2010-இல் வெளிவந்தது. அந்தத் துணிச்சலில் பாதியையாவது ‘பேபல்’ தொகுப்புக்குக் கொண்டுவந்திருக்கலாம் என்பதே என் வருத்தம்.

கயல்விழி: அவர்களுக்கே இது தெரிந்திருந்தது போலும், சித்தப்பா. இதே தொகுப்பின் ‘ஹோப்லெஸ் வாண்டரர்’ பாடலின் காணொளியில் நகைச்சுவை நடிகர்கள் நால்வரை ஒட்டுத்தாடியும் பான்ஜோவுமாக நிறுத்தித் தங்களையே கேலி செய்துகொண்டார்கள். 2015-இல் வந்த மூன்றாவது தொகுப்பில் பான்ஜோவையே மூட்டை கட்டிவிட்டு மின்கிட்டாருக்கு மாறினார்கள். அந்த மாற்றமும் எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு கதை.

அத்தை: இவ்வளவு நேரமும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ‘புரோக்கன் கிரௌன்’ பாடலை உங்களில் ஒருவரும் சொல்லவில்லையே! அதிலும் தாழ்வாகத் தொடங்கி உச்சத்துக்குப் போகிற அதே அமைப்புத்தான், ஆனால் அங்கே கோபம் உண்மையானதாக இருப்பதால் அமைப்பு தெரிவதே இல்லை. ஆகவே குறை வார்ப்பு அச்சில் இல்லை, கயல், அதில் ஊற்றியதில்தான் இருக்கிறது.

கயல்விழி: அத்தை, அந்த ஒரு பாடலுக்கு ஒப்புக்கொள்கிறேன். மற்ற பதினொன்றுக்கும் நாளை மாலை தனியே வாதாடுவோம்.