1981ல வந்த டிராகனப் பாத்து என் பொண்ணு நடுங்கிட்டா, புது டிராகன் எதுவும் அவ மனசுல ஒட்டல, ஏன்?

மொட்டமாடி_சினிமா:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போறவன், இன்னைக்கு ஒரு கேள்வி கேக்கணும்னு தோணுச்சு.

போன சனிக்கிழமை ராத்திரி பொண்ணோட உக்காந்து டிராகன்ஸ்லேயர் பாத்தேன். 1981ல வந்த படம், காலேஜ் படிக்கும்போது ஃப்ரெண்டு ரூம்ல பாத்தது, அதுக்கப்புறம் இப்பதான். அவளுக்கு ஒம்பது வயசு, டிராகன்னா உசுரு, நோட்டோட பின்பக்கம் பூரா டிராகன்தான் வரைஞ்சு வச்சிருப்பா. ஆனா புதுப் படம் எதப் போட்டாலும் டிராகன் வந்து ரெண்டு நிமிஷத்துல கலர் பென்சில எடுத்துட்டு உக்காந்துருவா, டிவி அது பாட்டுக்கு ஓடும்.

இதுல அப்படி இல்ல. குகைக்குள்ள நெருப்பு எரியுற ஏரி ஒண்ணு வருமே, ஹீரோ கேலன் ஈட்டியும் கேடயமுமா நின்னு தேடிட்டு இருப்பான், அவன் முதுகுக்குப் பின்னாடி தண்ணிக்குள்ள இருந்து டிராகனோட தலை வெளிய வரும், அப்புறம் கழுத்து, கழுத்து வந்துக்கிட்டே இருக்கு, அவன் இன்னும் திரும்பல. இவ என் கைய இறுக்கிப் புடிச்சுட்டு மூச்சே விடல. (இளவரசி சாகுற எடத்த மட்டும் ஓட்டி விட்டுட்டேன், அது சின்னப் புள்ளைங்க பாக்குறது இல்ல.) அப்புறம் செத்துக் கெடக்குற குட்டிய தாய் டிராகன் மூக்கால தள்ளிப் பாக்கும்ல, அங்க "பாவம்ப்பா அது"ன்னு அழுதுட்டா. ஊரையே எரிக்கிற மிருகம், அதுக்குப் போய் அழுவுறா.

நம்மளுக்குன்னா சின்ன வயசு ஞாபகம்னு சொல்லிரலாம், அவளுக்கு என்ன ஞாபகம், அவ பொறக்க முப்பது வருஷத்துக்கு மேல முந்தி வந்த படம். அப்ப அந்தப் பொம்மையில என்னதான் இருக்கு? இன்னொன்னு, இவளுக்கு அடுத்து என்ன காட்டலாம், சொல்லுங்க.

ஃபிரேம்24:

அண்ணே நல்ல கேள்வி, எனக்கு இந்தப் படம்னா கை நிக்காது, அதனால பெருசா எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

அதோட முழுப் பேரு வெர்மித்ராக்ஸ் பெஜோரேட்டிவ். மேத்யூ ராபின்ஸ் டைரக்ஷன், பாரமவுண்ட்டும் டிஸ்னியும் சேந்து எடுத்தது, எஃபெக்ட்ஸ் ஐஎல்எம், அதாவது ஸ்டார் வார்ஸ் எடுத்த ஜார்ஜ் லூகாஸோட எஃபெக்ட்ஸ் கம்பெனி. ஒரே ஒரு டிராகன்னு நெனைக்காதீங்க, பறக்க ஒண்ணு, ஊர ஒண்ணு, நெருப்பு கக்க ஒண்ணுன்னு மொத்தம் 16 பொம்மை, அது போக ஆளுக்குப் பக்கத்துல வச்சு எடுக்க நெஜ சைஸ்லயே தலை, கழுத்து, நகம் எல்லாம் தனியா செஞ்சாங்க.

ஆனா உங்க பொண்ணு நடுங்குனதுக்கு முக்கியமான காரணம் கோ மோஷன்னு ஒரு டெக்னிக். இத புரிஞ்சுக்க ஒரு வேலை பண்ணுங்க. டிவில கிரிக்கெட் ஓடும்போது பவுலர் கைய சுத்துற எடத்துல பாஸ் பண்ணுங்க, கை தெளிவா இருக்காது, கலங்கலா ஒரு இழுப்பா இருக்கும். கேமரா ஷட்டர் தொறந்திருக்குற அந்தத் துளி நேரத்துலயும் கை நகந்துட்டே இருக்குல்ல, அதான். நம்ம கண்ணு அந்தக் கலங்கலுக்குப் பழகிப் போச்சு. பழைய ஸ்டாப் மோஷன்ல பொம்மைய ஒரு துளி நகத்தி, கைய எடுத்துட்டு, ஒரு ஃபிரேம் எடுப்பாங்க, திரும்ப நகத்துவாங்க. அதனால எந்த ஃபிரேம பாஸ் பண்ணாலும் ஸ்டில் போட்டோ மாதிரி சுத்தமா இருக்கும், ஓட விட்டா விட்டு விட்டு வெட்டுற மாதிரி தெரியும்.

கோ மோஷன்ல பொம்மையோட உடம்புல, காலுல எல்லாம் கம்பி மாட்டி அத மோட்டாரோட சேத்து, எவ்வளவு நகரணும்னு கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வச்சுருவாங்க. ஷட்டர் தொறந்திருக்கும்போதே மோட்டார் பொம்மைய நகத்தும். கலங்கல் தானா விழும். 1980ல ஸ்டார் வார்ஸ் வரிசையில வந்த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக் படத்துல கொஞ்சம் தொட்டுப் பாத்தாங்க, இந்த டிராகனுக்குத்தான் முழுசா செஞ்சாங்க. அத நடக்க வச்சவரு ஃபில் டிப்பெட்.

அந்த வருஷப் படங்களுக்கு நடந்த ஆஸ்கர்ல விஷுவல் எஃபெக்ட்ஸ் பிரிவுல மொத்தமே ரெண்டு படம்தான், இதுவும் ரைடர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்கும். ரெண்டும் ஐஎல்எம் வேலை. ரைடர்ஸுக்குப் போச்சு. இன்னைக்கும் எனக்கு மனசு ஆறல அண்ணே, படமும் தியேட்டர்ல ஓடல. ஆனா கேம் ஆஃப் த்ரோன்ஸ் சீரியல் முதல் சீசன்ல விசேரிஸ்னு ஒரு இளவரசன் குளிச்சுக்கிட்டே பழைய டிராகன் பேரெல்லாம் அடுக்குவான்ல, அதுல வெர்மித்ராக்ஸும் வரும், கவனிச்சுப் பாருங்க. அந்த சீரியல் எடுத்தவங்க இந்தப் படத்த மறக்கல.

வரைகோடு:

ஃபிரேம்24 சொன்னதெல்லாம் சரி, ஆனா கலங்கல் மட்டும் காரணம்னா இன்னைக்கு கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன்ல வந்துரும், அப்ப எல்லா டிராகனும் பயமுறுத்தணுமே. நான் சென்னையில ஒரு ஸ்டுடியோல கிரியேச்சர் அனிமேஷன், அதாவது கம்ப்யூட்டர்ல மிருகங்கள அசைய வைக்கிற வேலை பண்றேன், பதினோரு வருஷமாச்சு. என்னைக் கேட்டா விஷயம் வெயிட்ல இருக்கு.

வெர்மித்ராக்ஸ் அந்தக் குகையில நடந்து வர்ற ஷாட்ட சவுண்ட ஆஃப் பண்ணிட்டு பாருங்க. அதுக்கு முன்னங்கால் கெடையாது, மடக்குன றெக்கையோட மூட்டத்தான் ஊனி வரும், வௌவால் கீழ விழுந்தா ஊருமே அது மாதிரி. ஒரு மூட்டு தரையில பதிஞ்சு, உடம்போட பாரம் அதுமேல சாஞ்சு, தோள்பட்டை ஏறி, அதுக்கப்புறம்தான் அடுத்த பக்கம் எந்திரிக்குது. அதுக்கு நடக்குறதே சிரமம். வயசான மிருகம், வானத்துல ராசா மாதிரி பறக்குது, தரைக்கு வந்தா இழுத்துக்கிட்டுப் போகுது. அந்தச் சிரமத்தப் பாக்குற நம்ம உடம்புக்கே புரியும், ஒம்பது வயசுப் புள்ளைக்கும் புரியும், யாரும் சொல்லித்தர வேண்டாம். குட்டிக்காக அவ அழுததும் இதனாலதான்னு நெனைக்கிறேன், வலிக்கிற உடம்புன்னு அவ அதுக்கு முன்னாடியே நம்பிட்டா.

நான் செஞ்ச ஒரு ஷாட்ட சொல்றேன், படம் பேரு வேண்டாம். கோட்டைக் கூரை மேல டிராகன் வந்து எறங்கணும். இவ்வளவு பெரிய மிருகம் எறங்குனா மொதல்ல கால் தொடணும், முட்டி மடங்கணும், வயிறு கீழ போயி ஒரு குலுங்கு குலுங்கணும், கழுத்து கடைசியாத்தான் வந்து நிக்கணும், ஓடு நொறுங்கணும். அதுக்கு நான் கேட்டது மூணு வாரம், குடுத்தது அஞ்சு நாள். அதோட கேமரா டிராகன சுத்தி ஈ மாதிரி பறந்துட்டே இருக்கும், எந்த மனுசனும் அப்படி ஒரு எடத்துல நின்னு எடுக்க முடியாது. ஷாட் அப்படியே படத்துல போச்சு, தியேட்டர்ல பாத்தேன், காக்கா வந்து கம்பியில உக்காந்த மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்புடல. ரிக் (உடம்ப அசைக்க உள்ள வைக்கிற கம்ப்யூட்டர் எலும்புக்கூடு) செஞ்சவன், தோல் செஞ்சவன் எல்லாரும் உசுரக் குடுத்து செஞ்சிருந்தாங்க, செதில் செதிலா கண்ணுல ஒத்திக்கலாம், ஆனா எடை இல்லாத உடம்புக்கு செதில் இருந்து என்ன. அதனால கம்ப்யூட்டர்னாலே மோசம்னு யாராவது சொன்னா எனக்கு வலிக்கும், நேரம் குடுங்கன்னுதான் சொல்வேன்.

ஹாபிட் படத்துல ஸ்மாக்னு டிராகன் வருமே, 2012ல வந்த மொத பாகத்துல லேசா காட்டும்போது நாலு காலும் றெக்கையும் இருந்துச்சு. 2013ல ரெண்டாம் பாகத்துல முழுசா வரும்போது முன்னங்கால எடுத்துட்டு, றெக்கையவே கையா மாத்திட்டாங்க. வெர்மித்ராக்ஸ் ஊர்ற மாதிரியேதான். அந்த உடம்புதான் நம்புற மாதிரி நடிக்குது.

பொண்ணுக்குக் காட்ட என் சாய்ஸ் ஸ்பிரிட்டட் அவே, 2001ல வந்த ஜப்பான் அனிமேஷன் படம், டைரக்டர் மியாசாகி. ஹாக்குன்னு வெள்ள டிராகன், காயம்பட்டு ரத்தமா கெடக்கும், சிஹிரோன்னு கதாநாயகிப் பொண்ணு ஒரு மருந்து உருண்டைய அது வாய்க்குள்ள திணிப்பா. அத வரையும்போது மியாசாகி அனிமேட்டர்ஸ்கிட்ட நாய்க்கு மருந்து குடுக்குற மாதிரி யோசிங்கன்னாரு, அங்க யாரும் நாய் வளத்ததில்ல, கடைசியில டீம் கெளம்பி வெட்னரி ஆஸ்பத்திரிக்கே போயி நாயோட வாயத் தொறந்து ஈறு, பல்லு எல்லாம் வீடியோ எடுத்துட்டு வந்துச்சு. எங்க வீட்ல நாய் இருக்கு, பூச்சி மாத்திர குடுக்குற அன்னைக்கு அந்தத் தாடைய ரெண்டு கையால விரிச்சுப் புடிக்கும்போது நாக்கால வெளிய தள்ளும், தலைய உதறும், நம்ம முழங்கை வரைக்கும் எச்சி. அந்த டிராகன் அப்படியேதான் பண்ணும். மொதத் தடவ பாத்தப்ப எனக்கு புல்லரிச்சுருச்சு.

நீல_மயில்:

ரொம்ப பயமுறுத்த வேண்டாம்னா த நெவர்எண்டிங் ஸ்டோரி 1984 போடுங்க சகோ. ஃபால்கோர்னு நாய் மூஞ்சி டிராகன், செதிலும் வெள்ள ரோமமுமா இருக்கும், காது பின்னாடி சொறிஞ்சு விட்டா கண்ணு சொக்கும். ஜெர்மனியில மியூனிக் பக்கத்துல பவேரியா ஸ்டுடியோல எடுத்தது, இப்பவும் அங்க டூர் போறவங்க அந்த டிராகன் மேல ஏறி உக்காரலாம். ஒரு சோகமான குதிரைக் காட்சி இருக்கு, முன்னாடியே சொல்லிருங்க.

எலும்புப்படை:

ஸ்டாப் மோஷன்ல பெரிய ஆளு ரே ஹாரிஹாசன், யாரும் அவர் பேர எடுக்கலையே, எனக்கு தாங்கல.

1933ல கிங் காங் வந்தப்ப 13 வயசுப் பையனா தியேட்டர்ல பாத்துட்டு அதுக்கே வாழ்க்கைய குடுத்தவரு. பொம்மைக்குள்ள இருக்குற உலோக எலும்புக்கூட்ட அவங்கப்பாதான் கடைஞ்சு குடுப்பாரு. 1958ல த செவன்த் வாயேஜ் ஆஃப் சின்பாத், அதுல குகையில சங்கிலியால கட்டிப்போட்ட டிராகன் வரும், சின்பாத் சக்கரத்த சுத்தி சங்கிலிய இழுத்தாத்தான் அதத் தாண்டிப் போக முடியும். அந்தப் படத்த சின்ன வயசுல பாத்து சொக்கிப் போன பையன்தான் மேல சொன்ன ஃபில் டிப்பெட்.

1963ல ஜேசன் அண்ட் த ஆர்கனாட்ஸ், மூணு பேரு ஏழு எலும்புக்கூடோட வாள் சண்டை போடுவாங்க. ஏழு எலும்புக்கூட்டுக்கும் தலை, கை, கால் எல்லாத்தையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒத்த ஆளா நகத்துனாரு, ஏற்கனவே எடுத்து வச்ச நடிகரோட வாள் வீச்சுக்கு சரியா பொருந்தணும் வேற. ஒரு நாளைக்கு சராசரியா 13 ஃபிரேம், அதாவது படத்துல அர செகண்ட். நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. அதுல ஒரு எலும்புக்கூடு சின்பாத் படத்துல நடிச்ச அதே பொம்மைதான். கலங்கல் எதுவும் கெடையாது, விட்டு விட்டுத்தான் ஓடும், ஆனா செத்தது எந்திரிச்சு வந்தா அப்படித்தான் நடக்கும்னு தோணும்.

வரைகோடு தோழர் சொன்னதுக்கு ஒண்ணு சேத்துக்கிறேன். ஜுராசிக் பார்க் 1993ல டிப்பெட்ட கோ மோஷனுக்குத்தான் கூப்ட்டாங்க, கம்ப்யூட்டர் டெஸ்ட்டப் பாத்துட்டு தன் தொழிலே அழிஞ்சுபோச்சுன்னு ஒடஞ்சு போனாரு. ஆனா அவர விடல. பொம்மையோட எலும்புக்கூட்டுல மூட்டுக்கு மூட்டு சென்சார் வச்சு, கையால அசைச்சா அது கம்ப்யூட்டர் டைனோசருக்குப் போற மாதிரி ஒண்ணு செஞ்சாங்க, அவரே மேற்பார்வை பாத்தாரு, ஆஸ்கரும் வாங்குனாரு. 1996ல டிராகன்ஹார்ட்ல ட்ராகோவ டிசைன் பண்ணதும் அவருதான், ஷான் கானரி குரல். அதுக்கு முகபாவம் வைக்க கானரியோட பழைய படத்துல இருந்து கோவம், சிரிப்பு, யோசனைன்னு துண்டு துண்டா பிரிச்சு வச்சுப் பாத்து அனிமேஷன் பண்ணாங்க. அதையும் காட்டுங்க, கடைசியில அழுவா.

மொட்டமாடி_சினிமா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து எலும்புக்கூடு சண்டைய மட்டும் போட்டுக் காட்டுனேன், மூணு தடவ பாத்தா. அர செகண்டுக்கு ஒரு நாள்னு சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "நம்மளும் செய்யலாமாப்பா"ன்னுட்டா. இன்னைக்குக் காலையில இருந்து வீட்ல இதான் நடக்குது. கட்டுக்கம்பிய முறுக்கி உடம்பு செஞ்சு அதுமேல களிமண்ணு அப்பியிருக்கோம், பச்சக் கலரு, ஒரு சாண் நீளம். செல்ஃபோன டேபிள்ல புத்தகத்துக்கு நடுவுல செருகி 40 போட்டோ எடுத்தோம். ஓட விட்டா டிராகன் நடக்குது, ஆனா றெக்கை பாரத்துல கொஞ்சம் கொஞ்சமா சாயுது, தோலு பூரா அவ கட்டைவிரல் ரேகை ஃபிரேமுக்கு ஃபிரேம் கொதிக்குற மாதிரி ஓடுது, 23வது போட்டோவுல கழுத்துக் கம்பி ஒடஞ்சு போச்சு. அழுதுட்டு திரும்ப ஒட்ட வைக்கிறா. என்ன மாத்தணும்னு சொல்லுங்க வரைகோடு.

வரைகோடு:

அந்த ரேகை ஓடுறத மாத்தாதீங்க, அது கெடக்கட்டும், அவ கை பட்டது தெரியுது.

கட்டுக்கம்பி வேண்டாம், நாலஞ்சு தடவ மடக்குனா ஒடைஞ்சுரும். கைவினைப் பொருள் கடையில அலுமினியக் கம்பின்னு கேளுங்க, மெத்துன்னு மடங்கும், ரெண்டு இழையா சேத்து முறுக்குங்க, கழுத்துக்கு மூணு. சாதா களிமண்ணு காஞ்சு வெடிக்கும், எண்ணெய்க் களிமண்ணு வாங்குங்க. றெக்கைக்கு களிமண்ணே அப்பாதீங்க, கம்பிமேல பழைய குடைத் துணிய வெட்டி ஒட்டுங்க, பாரம் பாதியாயிரும். பாதத்துல ஒரு நட்டு வச்சு, கீழ பலகையில ஓட்ட போட்டு அடியில இருந்து போல்ட் முடுக்குனா சாயாது. ஜன்னல சாத்திட்டு ஒரே ஒரு டேபிள் லைட்ல எடுங்க, இல்லன்னா வெயில் மாற மாற வெளிச்சம் துடிக்கும். செல்ஃபோன கையால தொடாம இயர்ஃபோன் பட்டன அமுக்கி எடுக்கலாம். மொதல்ல அத மூச்சு மட்டும் விட வையுங்க, நெஞ்சு மெதுவா ஏறி எறங்கட்டும், 24 போட்டோ போதும், நடை அப்புறம்.

பறக்கணும்னு கேப்பா, கண்டிப்பா கேப்பா. அதுக்கு தூண்டில் நரம்பு, இருக்குறதுலயே மெல்லிசு, முதுகுல ரெண்டு எடத்துல கட்டுங்க, ஒரு எடத்துல கட்டுனா சுத்தும். எடுத்ததும் இங்க போடுங்க, நான் பாக்கணும்.