ரெண்டும் ஒரே மாடல், ஒண்ணு மட்டும் ஏன் இழுக்குது?

அக்கா: டேய் தம்பி ஒரு சந்தேகம். நாம ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒரே மாடல் கம்ப்யூட்டர்தானே வாங்கினோம், அதே ஐ5-12400 சிப்பு, அதே 16 ஜிபி ராம், நீ நேத்து ரெண்டர் போட்டு ஃபைலா எடுத்த அதே வீடியோ உனக்கு 11 நிமிஷம்னு சொன்ன, எனக்கு 19 ஆகுதுடா

சித்தப்பா: வைரஸ்தான். ஃபார்மேட் போடும்மா

அக்கா: நீங்க சொல்லித்தான் போன வாரம் போட்டேன் சித்தப்பா 😐 அப்பவும் இதே கதிதான்

தம்பி: ஃபார்மேட்ட விடுங்க. டாஸ்க் மேனேஜர்ல மெமரி போய் ஸ்பீடும் ஸ்லாட்டும் என்ன காட்டுதுன்னு சொல்லு

அக்கா: 3200. 4 ஸ்லாட்ல 2 யூஸ்ல இருக்கு

தம்பி: எனக்கும் அதேதான். சில டப்பால 16ஐயும் ஒரே குச்சியா போட்டு குடுத்துருவான், அப்ப டூயல் சேனல், அதாவது ரெண்டு குச்சிலயும் ஒரே நேரத்துல டேட்டா போய் வர்ற வசதி, கிடைக்காது, அதான் கேட்டேன்

அண்ணி: பவர் பிளான் பாத்தீங்களா? எங்க ஆபீஸ்ல ஒண்ணு பவர் சேவர்லயே மாசக்கணக்கா கிடந்துச்சு

அக்கா: ஹை பர்ஃபாமன்ஸ்தான் அண்ணி

தம்பி: அப்ப ரெண்டர ஓடவிட்டு சிபியு ஸ்பீட பாரு, எடுத்தவுடனே இல்ல, ரெண்டு நிமிஷம் கழிச்சு. நானும் இங்க ஓட விடுறேன்

அக்கா: முதல்ல 3.98 கிகாஹெர்ட்ஸ் இருந்துச்சு, இப்ப 2.1டா!! இன்னும் இறங்குது

தம்பி: எனக்கு 3.9லயே நிக்குது. சூடுதான். ஹெச்டபிள்யூ இன்ஃபோன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அத போட்டு டெம்பரேச்சர் பாரு

அக்கா: 100 டிகிரி. பக்கத்துல தெர்மல் த்ராட்லிங் எஸ்னு சிவப்பா காட்டுது. உனக்கு?

தம்பி: 71

அம்மா: நூறா?? ஆஃப் பண்ணுடி முதல்ல, வெடிச்சு கிடிச்சு வைக்கப்போகுது

தம்பி: வெடிக்காதும்மா. அந்த சிப்புக்கு 100தான் எல்லை, தொட்டதும் தானா வேகத்த குறைச்சுக்கும், அதான் அவளுக்கு 19 நிமிஷம். அக்கா, ஆஃப் பண்ணி வயர புடுங்கிட்டு சைடு மூடிய கழட்டு, ஃபேன் சுத்தி ஒரு போட்டோ போடு

அக்கா: 📷 தூசியே இல்ல பாரு

தம்பி: தூசிய விடு, கீழ் இடது மூலைய ஜூம் பண்ணு. நாலு கருப்பு பின் இருக்குல்ல, மூணு அழுந்தி உக்காந்திருக்கு, அது மட்டும் கொஞ்சம் தூக்கிட்டு நிக்குது. கூலர் அந்தப் பக்கம் சிப்ப ஒட்டவே இல்ல

அக்கா: அய்யோ ஆமா. அப்படியே அமுக்கிடவா?

தம்பி: வேணாம், சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல சூட்ட கடத்துற பேஸ்ட் விலகியிருக்கும். நாலு பின்னையும் அம்புக்குறி பக்கம் திருப்புனா கூலர் கழண்டுரும், பழசு எல்லாத்தையும் தொடச்சிட்டு பட்டாணி அளவு புது பேஸ்ட் வை, அப்புறம் நாலு பின்னையும் பழையபடி திருப்பிட்டு எதிரெதிர் மூலையா அமுக்கு, நாலுக்கும் டக்குனு சத்தம் வரணும், வரலைன்னா உக்காரல

(ரெண்டு நாள் கழிச்சு)

அக்கா: 11 நிமிஷம் 20 செகண்ட்!! சூடு 70 தாண்டல. ஆனா அந்த பின் எப்படிடா தானா கழண்டுச்சு

அம்மா: அது... போன மாசம் பெருக்கும்போது கால் பட்டு அந்த பெட்டி சாஞ்சிருச்சுடி. நிமித்தி வச்சிட்டேன், நல்லாத்தான் ஓடுச்சு

அக்கா: அம்மாஆஆ!! அத அப்பவே சொல்லியிருந்தா ஃபார்மேட் போட்டு என் போட்டோ ஃபோல்டர தொலைச்சிருக்க மாட்டேன்ல 😭

(சித்தப்பா ஒரு மெசேஜை டெலிட் செய்தார்)

அண்ணி: சித்தப்பா, நாங்க அத ஏற்கனவே படிச்சிட்டோம் 😂